குஸ்தாவ் குடியிருந்த குளம்

ஆரணி, கவின்,

இந்த வார இதழில் அப்பா எழுதும் இதை நீங்கள் இருவரும் தமிழில் வாசிக்கப் போவதில்லை என்று அம்மா அடித்துச் சொல்கிறார். கைத்தொலைபேசியை எழுத்தின் மேலே பிடித்தால் அது ஜெர்மனில் சொல்லிவிடுமாம். பிடியுங்கள். அது பிழையாகச் சொன்னால் நான் பொறுப்பில்லை. சரியாகச் சொன்னாலும், தயவுசெய்து ஹெர் லூடர்ஸ் காதில் விழுகிற தூரத்தில் வைத்து வாசிக்காதீர்கள்.

அந்தச் சனிக்கிழமை உங்களுக்கு மறந்திருக்காது. கொரோனாக் காலம் முடிந்து, மனிதர் மறுபடி ஒரே சட்டியில் கரண்டி போடத் துணிந்த ஒரு கோடை. குளத்தங்கரைப் புல்வெளியில் மீன்பிடிச் சங்கத்தின் விருந்து. நீள மேசை, வெள்ளைத் துணி, வாளிக்கணக்கில் உருளைக்கிழங்குச் சாலட். அத்தனை வெள்ளைக்கும் நடுவே, நெருப்புப் பிடித்ததுபோல், தாஸ் மாமா கொண்டுவந்து வைத்த மீன்குழம்புச் சட்டி.

சங்கத் தலைவர் ஹெர் லூடர்ஸ் இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முகம் தக்காளி நிறம். நெற்றி வியர்வை வழிந்து மூக்கு நுனியில் தொங்கியது. மனிதர் நிறுத்தவில்லை. பாண் துண்டைக் குழம்பில் தோய்த்துத் தட்டை வழித்தார்.

"அருமை! இது என்ன மீன், ஹெர் தாஸ்? கடல் மீனா?"

தாஸ் மாமா காலையிலிருந்து அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார். கைத்தொலைபேசியை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கி எல்லாருக்கும் தெரியும்படி நீட்டினார்.

"இல்லை, எங்கள் ஏரியின் மீன். நானே பிடித்தேன்!"

ஹெர் லூடர்ஸ் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கினார். படத்தைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"குஸ்தாவ்," என்றார்.

மேசை நெடுகிலும் கரண்டிகள் நின்றன. ஒரு பெண்மணி வாயிலிருந்ததைக் கடதாசியில் துப்பினார். பக்கத்திலிருந்த அவருடைய கணவர், வீணாக்கக் கூடாதென்றோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். ஆரணி, நீ மேசைக்குக் கீழே எதையோ தேடுவதுபோல் குனிந்து சிரித்ததை நான் கண்டேன்.

குஸ்தாவ் யாரென்று சொல்வதற்கு முன், அவர் குடியிருந்த குளத்தைச் சொல்ல வேண்டும். நீங்கள் அதை 'ஸே' என்கிறீர்கள். புத்தகத் தமிழில் ஏரி. எனக்கு வாயில் வருவது குளம்தான்.

விசா இல்லாமல் வந்த பனி

நான் படித்தது ஊரில் சாதாரண தரச் சோதனை வரைக்கும். எங்கள் புவியியல் வாத்தியாருக்குப் பனி என்றால் மார்கழி மாதம் வாழை இலையில் நிற்பது. ஆகவே இந்தக் குளத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கார் நிறுத்துமிடத்துப் பலகை சொன்னதும் ஹெர் லூடர்ஸ் சொன்னதும்தான். இரண்டில் பலகை சீக்கிரம் முடித்துவிடும்.

வெகு காலத்துக்கு முன்னர் வடக்கே ஸ்வீடன் பக்கமிருந்து பனி வந்தது. வானத்திலிருந்து விழுகிற பஞ்சுப் பனி இல்லை. மலை உயரத்துக்குக் கட்டியாகி, நிலத்தோடு அரைத்துக்கொண்டு ஊர்ந்து வந்த பனி. பிறகு காலநிலை சூடாகிப் பின்வாங்கியது. போகிற அவசரத்தில் ஒரு பெரிய துண்டை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டது. அதன் மேலே மணலும் சரளையும் மூடின. உள்ளே புதைந்த கட்டி ஆறுதலாக, மெல்ல மெல்ல உருகியது. உருக உருக மேலே கிடந்த மண் இறங்கிப் பள்ளமானது. பள்ளத்தில் தண்ணீர் நின்றது. அவ்வளவுதான் குளம். அப்படிப் புதைந்துபோன கட்டிக்கு இவர்கள் 'செத்த பனி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதற்குள்ளே ஆறு எதுவும் வருவதில்லை. வெளியே போவதுமில்லை. மழையும் நிலத்தடி ஊற்றும்தான். தாஸ் மாமாவை முதன்முதல் அழைத்துப் போனபோது அவர் கரையைச் சுற்றி நடந்துவிட்டு வந்து கேட்டார்.

"அண்ணை, வாற தண்ணி எங்காலை போகுது?"

"ஒரு இடமும் போகாது."

"அப்ப இது குளமில்லை அண்ணை. கிணறு."

பலகையில் எழுதிய பேராசிரியர் இதை இத்தனை சுருக்கமாக எழுதியிருந்தால் எனக்கு வாசிக்கும் வேலை மிச்சமாகியிருக்கும்.

பனிக்கட்டி செங்குத்தாக உட்கார்ந்திருந்த இடம் என்பதால் குளத்தின் அடியும் அப்படித்தான். முழங்கால், இடுப்பு, அதற்கடுத்த அடியில் ஒன்றுமில்லை. கவின், நீ குளிக்கும்போதெல்லாம் நான் கரையில் நின்று கத்தியது அதனால்தான். உனக்கு நீந்தத் தெரியும், கத்தியவனுக்குத் தெரியாது என்பது வேறு கதை.

இந்தக் குளத்துக்கு அடியே இல்லை என்று ஹெர் லூடர்ஸ் சத்தியம் செய்வார். அடியில்லாத குளத்தின் அடியில் ஒரு தேவாலய மணி கிடக்கிறது என்றும் அதே மூச்சில் சொல்வார். நான் சிரிக்கவில்லை. நான் புத்தூர்க்காரன். எங்கள் பக்கத்து நிலாவரைக் கிணற்றுக்கும் அடி இல்லை. அதில் தேசிக்காய் போட்டால் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்பார்கள். போட்டுப் பார்த்தவரை நான் சந்தித்ததில்லை. ஆனால் ஊரில் எல்லாருக்கும் போட்டுப் பார்த்த ஒரு சித்தப்பா இருந்தார்.

அந்தப் பலகைக்குப் பக்கத்தில், மாடு படுத்த மாதிரி ஒரு பாறை கிடக்கிறதே, அதுவும் பனி உருட்டிக்கொண்டு வந்ததுதான். ஸ்வீடன் பாறை. எல்லையில் ஒருவரும் மறிக்கவில்லை. எந்த ஊர், ஏன் வந்தாய், எந்தப் பாதையால் வந்தாய் என்று மொழிபெயர்ப்பாளரை வைத்து விசாரிக்கவில்லை. இப்போது சுற்றிவரக் கம்பி வேலி, பித்தளைத் தகடு, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றுலா. நான் வந்த காலத்தில் எத்தனை அன்ட்ராக், எத்தனை விண்ணப்பப் படிவம் நிரப்பினேன்! எனக்கு ஒரு தகடு அடிக்க வேண்டுமென்று இந்த மாவட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்தப் பிரதேசத்துக்கு இன்னொரு பகட்டும் உண்டு. பனி குவித்துவிட்டுப் போன மண்மேடுகளைக் கண்டுவிட்டு இதற்குச் 'சுவிட்சர்லாந்து' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மெய்யான சுவிட்சர்லாந்திலிருந்து உங்கள் சின்ன மாமா வந்தபோது, மலை எங்கே என்று கேட்டார். நாங்கள் அப்போது அதன் மேலேதான் நின்றுகொண்டிருந்தோம்.

எந்தக் கரை யாருக்கு

முன்பு இந்தக் குளத்துக்கு வேலை இருந்தது. மாடுகள் தண்ணீர் குடித்தன. பெண்கள் உடுப்புத் தோய்த்தார்கள். மாரிக் குளிரில் உறைந்த தண்ணீரை வாளால் அறுத்து, வைக்கோலில் மூடி, கோடை வரைக்கும் பியர் குளிர்த்த வைத்திருந்தார்கள். இப்போது மாடுகளுக்குக் குழாய், உடுப்புக்கு இயந்திரம், பியருக்குக் குளிர்சாதனப் பெட்டி. குளத்துக்கு ஓய்வூதியம் கிடைத்துவிட்டது. ஆனால் ஓய்வெடுக்க யார் விட்டார்கள்?

தெற்கே குளிக்கிற கரை. சிப்ஸ் கடை. மழை வந்தால் முதலில் ஓடிப்போய்ச் சாத்துகிற கடை.

வடக்கே நாணல். பறவைகள் குஞ்சு பொரிக்கும் இடம். மனிதர் போகக் கூடாது. போகக் கூடாது என்று எழுதிய பலகையைப் பார்க்கவே நிறையப் பேர் போகிறார்கள்.

மேற்கே காட்டோரம் உடுப்பில்லாமல் குளிக்கிறவர்களின் மூலை. அதற்கும் பலகை உண்டு. நான் வந்த புதிதில் மொழி விளங்காமல் உங்கள் அம்மாவையும் பெரியம்மாவையும் அந்தப் பாதையால் கூட்டிக்கொண்டு போனேன். இந்த நாட்டில் மொழி படிக்க வேண்டியதன் அவசியம் பற்றி அம்மா அன்று சொன்னவற்றை இந்த வார இதழ் அச்சிடாது.

கிழக்கே பணக்காரர் வீடுகள். வீட்டுக்கொரு மரப்பாலம் தண்ணீருக்குள் நீளும். முன்பு நீண்டது என்று சொல்ல வேண்டும். சில கோடைகளாக மழை குறைந்து தண்ணீர் இறங்கிவிட்டதால் பாதிப் பாலங்கள் சேற்றின் மேலே நிற்கின்றன. தண்ணீரை யார் குடித்தது என்று கேட்டால், வீட்டுக்காரர் வயல் செய்கிற கமக்காரரின் குழாய்க் கிணற்றைக் காட்டுவார்கள். கமக்காரர் வீட்டுக்காரரின் புல்லைக் காட்டுவார்கள். அந்தப் புல் மட்டும் ஒரு கோடையிலும் வாடியதில்லை.

நாங்கள் தமிழர் மட்டும் குளத்தைச் சரியாகப் பாவித்தோமா? ஞாயிற்றுக்கிழமை வருவோம். தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாய் விரித்து முந்நூற்றுநாலு என்று சீட்டு விளையாடுவோம். கொத்துரொட்டி சாப்பிடுவோம். கால் நனைத்தால் தடிமன் பிடிக்கும் என்பதால் நனைக்க மாட்டோம். பிறகு 'நல்ல குளம்' என்று சொல்லிவிட்டுப் போவோம். மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்குப் படமெடுக்க ஒரு குடும்பம் அன்னப்பறவை வடிவத்தில் ஆசனம் கொண்டுவந்து, பிள்ளையை அதிலே இருத்தி, மேலே ட்ரோன் பறக்கவிட்டது. அதைக் கண்டு மெய்யான அன்னம் ஒன்று நாணலுக்குள்ளிருந்து ஓடிவந்து துரத்தியது. அந்தப் படம்தான் அல்பத்தில் நன்றாக வந்ததாம்.

இத்தனை பேரிலும் இந்தத் தண்ணீரைத் தண்ணீராகப் பார்த்தவர் ஒரே ஒருவர். தாஸ் மாமா.

வள்ளத்தின் தாகம்

தாஸ் மாமா மன்னார்க் கரையில் பிறந்தவர். கடலில் நின்ற மனிதர். இங்கே என்னோடு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. வேலை முடிந்து வெளியே வந்தால் முதலில் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். பார்த்துவிட்டு பஸ் ஏறுவார்.

அந்த இல்லத்தில் கடைசிக் காலத்தில் இருந்தவர் ஹென்னிங் என்ற கிழவர். கிழக்குக் கரையில் வீடு, சங்கத்தில் பழைய உறுப்பினர். ஒருவரோடும் பேசாதவர். சாப்பாட்டுத் தட்டோடு போகும் தாஸ் மாமாவோடு மட்டும் பேசுவார். என்ன பேசினார்கள் என்று கேட்டால், 'வள்ளம்' என்பார் மாமா. அவருடைய ஜெர்மனும் கிழவரின் பல்லில்லாத ஜெர்மனும் எப்படிச் சந்தித்தன என்று எனக்கு விளங்கவில்லை.

கிழவர் போன பிறகு அவருடைய மனைவி ஃபிராவ் ஹென்னிங் தாஸ் மாமாவை அழைத்து, கொட்டிலைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு மர வள்ளம். துடுப்புப் போட்டு வலிப்பது. பலகை எல்லாம் வாய் பிளந்து கிடந்தது.

"எடுத்துக்கொள். அவர் உனக்கென்றார்."

ஆனால் குளத்தில் வள்ளம் இறக்க மீன்பிடிச் சங்கத்தின் முழு உறுப்பினராக இருக்க வேண்டும். அதற்கு முதலில் அரசாங்கச் சோதனை. பிறகு சங்கத்தில் ஒரு வருடம் பரீட்சை உறுப்பினர். அந்த வருடம் கரையிலிருந்து தூண்டில் போடலாம், வள்ளம் இறக்க முடியாது. வருட முடிவில் கூட்டம் கூடிக் கை உயர்த்தினால்தான் வள்ளம்.

மாமா சோதனைக்குப் படித்தார். மீனின் ஜெர்மன் பெயர், செவுளின் ஜெர்மன் பெயர், மீனை எப்படி வலிக்காமல் கொல்வது, எல்லாம். பாத்திரம் கழுவிக்கொண்டே சத்தமாகப் பாடமாக்குவார். 'தலையில் ஓங்கி அடித்து மயக்கி, பிறகு நெஞ்சில் குத்த வேண்டும்' என்று அவர் ஜெர்மனில் சொல்லிக்கொண்டு நின்றபோது உள்ளே வந்த புதுத் தாதி ஒருவர் திரும்பி ஓடிவிட்டார்.

சோதனையில் சித்தியடைந்தார். அந்த மாரி முழுவதும் வள்ளத்தோடு கிடந்தார். இடுக்குகளைச் சுரண்டி, பஞ்சு அடைத்து, தார் பூசினார். நான் பக்கத்தில் நின்று தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். என் பங்கு அவ்வளவுதான்.

"இதை எப்பவும் ஈரமா வைச்சிருக்க வேணும் அண்ணை. உள்ளுக்கை தண்ணி விட்டு ஊறவிட வேணும்."

"வள்ளத்துக்குள்ளை இருந்து தண்ணியை வெளியிலை ஊத்துறதெல்லோ வழமை?"

"அது கடலிலை. கரையிலை கிடக்கிற மர வள்ளத்துக்குத் தண்ணி குடுக்காட்டிப் பலகை சுருங்கிச் செத்துப்போம். நீங்கள் தோட்டக்காரன்தானே, வாழைக்கு இறைக்கிறேல்லையோ?"

அவர் ஒவ்வொரு கிழமையும் வள்ளத்துக்குத் தண்ணீர் இறைத்தார்.

கட்டிப்பிடித்த படங்கள்

சங்கக் கட்டடத்துச் சுவர் முழுக்கப் படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு உறுப்பினர், கையில் குழந்தை மாதிரி ஒரு பெரிய கார்ப் மீன். சிலர் கட்டிப்பிடித்தபடி. ஒருவர் முத்தம் கொடுத்தபடி. தாஸ் மாமா அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வந்து சந்தோஷப்பட்டார்.

"உந்தக் குளத்திலை நல்ல பெரிய மீன் நிறையக் கிடக்கு அண்ணை!"

பிள்ளைகள், அங்கேதான் வந்தது வினை. அத்தனை படத்திலும் இருந்தது ஒரே மீன். குஸ்தாவ். பிடிப்பார்கள், நிறுப்பார்கள், படமெடுப்பார்கள், பேர் சொல்லித் தட்டிக்கொடுத்து மறுபடி தண்ணீரில் விடுவார்கள். அடுத்த வருடம் இன்னொருவர். ஊரில் மேயர் மாறினார், பாதிரியார் மாறினார், குஸ்தாவ் மாறவில்லை.

இதை ஏன் ஒருவரும் தாஸ் மாமாவுக்குச் சொல்லவில்லை? அப்படிச் செய்வது சட்டத்துக்குப் பிழை. விளையாட்டுக்கு மீனை வதைக்கக் கூடாது, சாப்பிடுவதற்கென்றுதான் பிடிக்க வேண்டும் என்று சோதனைப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆகவே எல்லாரும் செய்வார்கள், ஒருவரும் சொல்ல மாட்டார்கள். சுவரில் மட்டும் சட்டம் போட்டு மாட்டுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கார்ப் என்கிற இனமே இந்த ஊர் இனம் இல்லை. கிழக்கே எங்கிருந்தோ வந்தது. பழைய காலத்தில் துறவிகள் நோன்பு நாட்களில் சாப்பிடக் கொண்டுவந்து குளங்களில் விட்டார்களாம். வந்தேறு மீன்தான், ஆனால் குஸ்தாவைப் பரீட்சை வருடம் இருக்கும்படி ஒருவரும் கேட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை தாஸ் மாமாவின் தூண்டில் வளைந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். மாமா இழுக்க, மீன் இழுக்க, நான் மாமாவின் இடுப்புப் பட்டியைப் பிடித்து இழுத்தேன். மீன் பெரிதாகக் குழப்படி செய்யவில்லை. அதற்குப் பழக்கம். கரைக்கு வந்ததும் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு, யாரோ வந்து தூண்டில் ஊசியைக் கழற்றட்டும் என்பதுபோல் கிடந்தது. படத்துக்குத் திரும்பியது என்று நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

தாஸ் மாமா அதன் வாயைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயோ, இதின்ரை சொண்டைப் பாருங்கோ அண்ணை. எத்தினை பேர் ஊசி ஏத்தி இருக்கினம். பாவம்."

பிறகு படித்தபடியே செய்தார். தலையில் ஓர் அடி. நெஞ்சில் ஒரு குத்து. முடிந்தது.

"கொண்டுபோய் அக்காட்டைக் குடுப்பம். நாளைக்குத்தானே விருந்து. எங்கடை கரையிலை புது ஆள் பிடிச்ச முதல் பெரிய மீன் வாடிக் கொட்டிலிலை இருக்கிற எல்லாருக்கும். தனியத் திண்டால் கடல் அடுத்த முறை தராது."

அம்மா சட்டியை ஒளித்துவைக்காத குறை. "இஞ்சேருங்கோ, இது மீனோ பண்டிக்குட்டியோ? குளத்து மீன் சேறு மணக்கும். என்ரை சட்டியிலை வைக்க ஏலாது."

"அக்கா, தேசிக்காய்த் தண்ணியிலை ஊறவைச்சுக் கழுவுங்கோ. புளியைக் கூட விடுங்கோ. மணம் போயிடும்."

"போகாட்டி?"

"போகாட்டித் தூளைக் கூடப் போடுங்கோ. வெள்ளைக்காரருக்கு மணம் தெரிய முதல் கண்ணாலை தண்ணி வந்திடும்."

அப்படித்தான் குஸ்தாவ் மேசைக்கு வந்தார். ஊர் மனத்தை நோகடிக்கக் கூடாதென்று இதுவரை ஒருவருக்கும் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். குழம்புதான் ருசி. குஸ்தாவ் கடைசி வரைக்கும் சேறு மணந்தார்.

பெயர் சொல்லாத கூட்டம்

அடுத்த மாரி கழியும்போது வருடக் கூட்டம். தீயணைப்பு நிலையத்து மாடி மண்டபம். தாஸ் மாமா கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். கலியாணத்துக்குத் தைத்த கோட்டு. இந்தக் கூட்டத்தில் கை உயர்ந்தால் அடுத்த நாளே வள்ளம் தண்ணீரில். நான் விருந்தாளியாகக் கடைசிக் கதிரையில்.

ஹெர் லூடர்ஸ் மணி அடித்துத் தொடங்கினார். "முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஒரு குறிப்பிட்ட மீனைப் பற்றிய கூட்டம் அல்ல."

அதன் பிறகு ஒருவர் வாயிலும் குஸ்தாவ் வரவில்லை. வரவும் முடியாது. குஸ்தாவைக் கொன்றது குற்றம் என்று எழுதினால், குஸ்தாவை இத்தனை காலம் விட்டுவிட்டுப் பிடித்ததையும் எழுத வேண்டும். அத்தோடு, கொன்றவரைவிடத் தின்றவர்களின் தொகை கூட. ஆகவே வேறு காரணம் தேடினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தொலைந்த பந்தைத் தேடுவதுபோல மண்டபம் முழுக்கத் தேடினார்கள்.

ஒருவர் சொன்னார், விருந்தில் சட்டி வைத்த இடத்தில் மேசைத்துணி மஞ்சளாகிவிட்டது, சங்கச் சொத்துக்குச் சேதம் என்று. இன்னொருவர், புல்வெளியில் காரைக் கொஞ்சம் கோணலாக நிறுத்தினார் என்றார். அது என்னுடைய கார். மூன்றாமவர் எழும்பி நெடுநேரம் யோசித்துவிட்டு, 'அமைதி' என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்குத்தான் எல்லாரும் மேசையைத் தட்டினார்கள்.

தாஸ் மாமா கை உயர்த்தினார். எழும்பிக் கோட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

"ஒரே ஒரு கேள்வி. சோதனையில் என்னைக் கேட்டார்கள், மீனைப் பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று. சாப்பிட வேண்டும் என்று எழுதினேன். சரி போட்டார்கள். நான் என்ன பிழை செய்தேன்?"

"கேள்வி அதுவல்ல, ஹெர் தாஸ்."

"அப்போ கேள்வி என்ன?"

ஹெர் லூடர்ஸ் தண்ணீர் குடித்தார்.

முன் வரிசையில் ஃபிராவ் ஹென்னிங் தடியை ஊன்றி எழும்பினார். "மேசைத்துணி சங்கத்தினது இல்லை, என்னுடையது. நான் இரவல் தந்தது. மஞ்சளை நான் மன்னித்துவிட்டேன். லூடர்ஸ், உன் சட்டையில் கொட்டிக்கொண்டாயே, அது போய்விட்டதா?"

சிலர் இருமினார்கள். கூட்டக் குறிப்பில் சிரிப்பு என்று எழுதிக்கொள்ளாதபடிக்கு இருமினார்கள்.

பிறகு கை உயர்த்தச் சொன்னார்கள். உயர்ந்த கைகள் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. போதவில்லை. தீர்மானத்தை ஹெர் லூடர்ஸ் வாசித்தார்: ஹெர் தாஸ் சங்க வாழ்க்கையோடு பழகுவதற்கு இன்னும் கொஞ்சம் காலம் தேவைப்படுவதால் பரீட்சைக் காலம் மேலும் ஒரு வருடம் நீடிக்கப்படுகிறது. வாசித்துவிட்டு, கை கொடுத்து, கொத்தமல்லி போட்டதா அந்தக் குழம்பில் என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார். மனிதர் மெய்யாகவே கேட்டார். அதுதான் எனக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது.

வெளியே தாஸ் மாமா கோட்டைக் கழற்றி மடித்தார்.

"வள்ளத்தைக் கொத்தி அடுப்புக்கு வைக்கச் சொல்லுங்கோ அண்ணை. நான் இனி உந்தப் பக்கம் வரமாட்டன்."

"ஒரு வருசம்தானே தாஸ். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ளை போயிடும்."

"எனக்குப் போயிடும். நான் பாத்திரம் கழுவிக்கொண்டு இருப்பன். கரையிலை கிடக்கிறதுக்கு?"

பஸ் வந்தது. அன்று அவர் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை.

தகடு

அந்த வசந்தத்தில் சங்கத்தார் குளக்கரையில் உட்காரப் புது வாங்கு ஒன்று போட்டார்கள். முதுகில் பித்தளைத் தகடு: 'எங்கள் குஸ்தாவின் நினைவாக.' எப்படி இறந்தார் என்று போடவில்லை. ஸ்வீடன் பாறைக்குத் தகடு, கிழக்கிலிருந்து வந்த மீனுக்குத் தகடு. இந்த ஊரில் மரியாதை கிடைக்கிற வழி எனக்கு மெல்ல மெல்ல விளங்குகிறது. ஒன்று கல்லாக இருக்க வேண்டும், அல்லது வாயில்லாத சீவனாக இருக்க வேண்டும்.

தாஸ் மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். குளத்துப் பக்கம் போகவில்லை. வேலையிலும் அந்தப் பேச்சு எடுத்தால் குழாயைப் பெரிதாகத் திறந்துவிடுவார். மழையும் வரவில்லை. சித்திரை போய் வைகாசி வந்தது, வெயில் மட்டும் ஏறியது.

ஒரு நாள் எனக்குப் பின்னேர வேலை. அம்மா வேலைக்கும் நீங்கள் பள்ளிக்கும் போன பிறகு, குளியலறையைக் கழுவுகிற நீல வாளியைக் காரில் போட்டுக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போனேன். ஃபிராவ் ஹென்னிங்கின் வீட்டு யன்னல்கள் சாத்தியிருந்தன. கொட்டிலுக்கு வெளியே, இரண்டு மரக்குற்றிகளின் மேல், வள்ளம் நிமிர்ந்தபடி இருந்தது. மாமா அடைத்த பஞ்சு காய்ந்து பலகைகளுக்கிடையே துருத்திக்கொண்டு நின்றது. குனிந்து பார்த்தேன். அடிப்பலகை இடுக்கால் கீழேயிருந்த புல் தெரிந்தது.

கரையில் ஒரு புதுப் பலகை. தண்ணீர் மட்டம் குறைந்திருப்பதால் ஏரியிலிருந்து நீர் எடுப்பது தடை செய்யப்பட்டுள்ளது. கீழே முத்திரை. முத்திரை குத்திய ஒன்றை நான் இந்த நாட்டில் ஒரு தரமும் மீறியதில்லை. பலகையை முழுதாக வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன். பிறகு சப்பாத்தைக் கழற்றினேன்.

தண்ணீர் தூரப் போய்விட்டிருந்தது. சேற்றில் கால் புதைந்தது. முழங்கால் வரைக்கும்தான் போவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். பனிக்கட்டி படுத்திருந்த குளிர் இன்னும் அதிலே இருந்தது. வாளியை நிரப்பிக்கொண்டு வந்து வள்ளத்துக்குள்ளே ஊற்றினேன்.

அவ்வளவும் இடுக்குகளால் ஒழுகிப் புல்லில் இறங்கி, சரிவால் ஓடித் திரும்பக் குளத்துப் பக்கமே போனது. எடுத்ததாகக் கணக்கில் வராது என்று பலகையைப் பார்த்துச் சொன்னேன்.

மறுபடி போனேன். மறுபடி ஊற்றினேன். காற்சட்டை தொடை வரைக்கும் நனைந்தது. தடிமன் பிடிக்கும் என்று அம்மா சொல்வது காதில் கேட்டது. ஊற்றிக்கொண்டே இருந்தேன். வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் ஒழுக்குச் சொட்டாகியது. அடியில் உள்ளங்கை ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. அதற்குள் விரலை விட்டுப் பலகையைத் தொட்டுப் பார்த்தேன். மரத்தின் மேலெல்லாம் நனைந்து கறுத்திருந்தது.

வாளியை வள்ளத்தின் கீழே கவிழ்த்து வைத்தேன். அடுத்த கிழமையும் வேண்டும். பிறகு காலைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன்.